ஓடும் கால்கள், ஊன்றும் கைகள்

நுழையும்முன்

பூங்கா ஊருக்குப் பொதுவானது. பொதுவானதைப் பயன்படுத்துவோர் பலர், பேணுவோர் சிலர். உடல்நலம் நாடி ஓடுவோர் தம் ஓட்டத்தின் நடுவே மண்வெட்டியைக் கையில் எடுத்தால் என்ன நிகழும்? இங்கிலாந்து நாட்டு நகரங்களில் வளர்ந்துள்ள ஒரு பழக்கம் இவ்வினாவுக்கு விடை தருகிறது. அப்பழக்கத்தின் வரலாற்றையும் செயல்முறையையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மாலைநேரக் குழு

வேலைநாள் ஒன்றின் மாலைப்பொழுது. அலுவலகப் பணி முடித்தோர், மாணவர், ஆசிரியர், செவிலியர் எனப் பலதரப்பட்டோர் 20 பேர் நகரின் ஓரிடத்தில் கூடுகின்றனர். அவர்களுள் பலர் சிவப்புநிறப் பனியன் அணிந்துள்ளனர். அன்றைய பணி என்ன, அதனால் பயன்பெறுவோர் யார், கருவிகளை எவ்வாறு கையாள வேண்டும் என்பனவற்றைப் பயிற்சியாளர் சுருக்கமாகச் சொல்கிறார். உடலை ஆயத்தப்படுத்தும் சில அசைவுகளுக்குப் பின் குழு ஓடத் தொடங்குகிறது. விரைந்து ஓடுவோர் முன்னே செல்கின்றனர். மெல்ல ஓடுவோருக்குத் துணையாக ஒருவர் கடைசியில் வருகிறார். எவரும் பின்தங்கித் தனித்துவிடக் கூடாது என்பது குழுவின் நெறி.

சில கிலோமீட்டர் தொலைவு ஓடியபின் அவர்கள் ஒரு பூங்காவை அடைகின்றனர். அப்பூங்காவைப் பேணும் உள்ளூர் மக்கள் மண்வெட்டி, மண்வாரி, தள்ளுவண்டி, கையுறை ஆகியவற்றுடன் அங்கே காத்திருக்கின்றனர். ஏறத்தாழ 40 நிமிடங்கள் வேலை நடைபெறுகிறது. சிலர் மண்ணைக் கிளறுகின்றனர். சிலர் களை எடுக்கின்றனர். சிலர் நடைபாதையின் மேல் படர்ந்த புல்லைச் செதுக்குகின்றனர். பணி முடிந்ததும் கருவிகளை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, வந்த வழியே ஓடித் திரும்புகின்றனர். 'குட்ஜிம்' என்னும் பிரிட்டன் தொண்டு அமைப்பு நடத்தும் குழு ஓட்டத்தின் பொதுவான வடிவம் இதுவே.

ஓட்டமும் தோட்டப்பணியும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தது ஏன்? இதனை அறிய, பூங்காக்கள் எவ்வாறு தோன்றின என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மக்கள் கேட்டுப் பெற்ற பூங்கா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்புரட்சி இங்கிலாந்தின் நகரங்களை விரைவாகப் பெருக்கியது. ஆலைகளை நாடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தன. நல்ல காற்றும் திறந்தவெளியும் செல்வர்க்கே உரியனவாக இருந்தன. இலண்டனின் கிழக்குப் பகுதியில் இந்நிலை மிகக் கொடிதாக இருந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞர், கிழக்கு இலண்டனில் ஒரு பூங்கா அமைந்தால் ஆண்டுதோறும் பல்லாயிரம் இறப்புகள் குறையக்கூடும் என்று 1839ஆம் ஆண்டு அறிக்கையில் கருத்துரைத்தார். பூங்கா அழகுக்கான ஏற்பாடு மட்டுமன்று, அது மக்களின் உயிர்காக்கும் ஏற்பாடு என்பது அவர் கூற்றின் சாரம்.

அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 30,000 பேர் கையொப்பமிட்ட வேண்டுகோள் ஒன்று விக்டோரியா அரசியிடம் அளிக்கப்பட்டது. அதன் பயனாக உருவாகிய விக்டோரியா பூங்கா 1845ஆம் ஆண்டு மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. 'மக்களின் பூங்கா' என்ற சிறப்புப்பெயரும் அதற்கு வாய்த்தது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள பர்கன்ஹெட்டில், பொதுமக்களின் பணத்தால் அமைக்கப்பட்ட பூங்கா திறக்கப்பட்டது. இவ்வாறு நகர்தோறும் பூங்காக்கள் பெருகின. இன்று பிரிட்டனில் ஏறத்தாழ 27,000 பொதுப்பூங்காக்கள் உள்ளன என்பது மதிப்பீடு.

தோட்டக்காரர் குறைந்த காலம்

பூங்காவை அமைப்பது ஒருமுறை செய்யும் செலவு. பேணுவதோ ஒவ்வொரு நாளும் செய்யும் செலவு. புல் வளர்வதை நிறுத்துவதில்லை. இலைகள் உதிர்வதை நிறுத்துவதில்லை. மழைநீர் வடிகால் அடைபடுவதும், இருக்கையின் மரப்பலகை உளுத்துப்போவதும் நிதிநிலை அறிக்கையைப் பார்த்து நிகழ்வதில்லை.

பிரிட்டனில் நூலகம், குப்பை அகற்றல் போன்றவை உள்ளாட்சி மன்றங்களின் சட்டப்படியான கட்டாயக் கடமைகள். பூங்காப் பராமரிப்பு அவ்வாறன்று. எனவே, 2010ஆம் ஆண்டிற்குப்பின் அரசு சிக்கன நடவடிக்கைகளை மேற்கொண்டபோது பூங்காக்களுக்குரிய தொகையே பல ஊர்களில் முதலில் குறைந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் தம் நிதி குறைக்கப்பட்டதாகப் பூங்கா மேலாளர்களுள் 92 விழுக்காட்டினர் தெரிவித்தனர் என்று 2016ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வறிக்கை கூறியது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்ற மக்களவைக் குழுவொன்று பூங்காக்களின் நிலையை ஆராய்ந்து, அவை சரிவின் விளிம்பில் நிற்பதாக எச்சரித்தது.

இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்ப முன்வந்தோர் 'பூங்காவின் நண்பர்கள்' என்னும் உள்ளூர்க் குழுவினர். பிரிட்டன் முழுவதும் இத்தகைய குழுக்கள் 5,000க்கும் மேல் உள்ளன. பூங்காவின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர்கள் இவர்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டும், எந்தப் பாதையில் மழைநீர் தேங்கும் என்பனவெல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஆயினும் பத்து வண்டி மண்ணை இடம்மாற்ற வேண்டிய வேளையில் அறிவு மட்டும் போதாது. உடல்வலிமை உடைய பலர் ஒரே நேரத்தில் வேண்டும்.

ஒருபுறம் வலிமை, மறுபுறம் வேலை

அவ்வலிமை நகரத்தில் இல்லாமல் இல்லை. அது வேறோரிடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது. உடற்பயிற்சிக்கூடங்களில் மக்கள் கட்டணம் செலுத்தி எடையைத் தூக்கினர். தூக்கிய எடையை எடுத்த இடத்திலேயே வைத்தனர். ஓடும் பொறியின்மேல் பல கிலோமீட்டர் ஓடினர். ஓடியும் நின்ற இடத்திலேயே நின்றனர். அதே தெருவில் முதியவர் ஒருவர் பேச்சுத்துணையின்றி இருந்தார். அதே தெருவின் முனையில் பூங்காவொன்று முட்புதராகிக்கொண்டிருந்தது.

இம்முரண்பாட்டை எண்ணிப் பார்த்தவர் ஐவோ கோர்ம்லி. திரைப்பட இயக்குநரான அவர், தம் ஓட்டத்திற்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று கருதினார். வெளியே செல்ல இயலாத முதியவர் ஒருவருக்கு ஓடிச்சென்று செய்தித்தாள் கொடுத்து, சிறிது நேரம் உரையாடித் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டார். முதியவருக்குத் துணை கிடைத்தது. ஓடுபவருக்குத் தவறாமல் ஓட ஒரு காரணம் கிடைத்தது. இந்த எளிய பரிமாற்றத்திலிருந்தே குட்ஜிம் பிறந்தது. அது முதன்முதலில் வேரூன்றிய இடம் கிழக்கு இலண்டனின் டவர் ஹேம்லட்ஸ் பகுதி. மக்கள் வேண்டிப் பெற்ற விக்டோரியா பூங்கா அமைந்திருப்பதும் அப்பகுதியிலேதான்.

இன்று இவ்வமைப்பு 50க்கும் மேற்பட்ட இடங்களில் செயல்படுகிறது. முதியோரைத் தொடர்ந்து சென்று காணுதல், அவர்களுக்குக் கனமான பொருள்களை நகர்த்திக் கொடுத்தல் போன்ற தனிப்பணிகளும், பூங்காக்களிலும் சமுதாயத் தோட்டங்களிலும் செய்யும் குழுப்பணிகளும் இதில் அடங்கும். ஓட இயலாதோர் நடந்தும் மிதிவண்டியிலும் வந்து பங்கேற்கின்றனர்.

பணி நடைபெறும் முறை

தன்னார்வப் பணி என்பதனால் அதனை எப்படியும் செய்யலாம் என்பதில்லை. மூடாக்கு இடுதலை எடுத்துக்காட்டாகக் காணலாம். கழிக்கப்பட்ட மரக்கிளைகளை இயந்திரத்தில் இட்டுச் சிறு சில்லுகளாக்கிப் பூங்காவின் ஓரத்தில் குவித்து வைப்பர். அச்சில்லுகளை மரங்களைச் சுற்றி 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்ப வேண்டும். அவ்வாறு பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். களை முளைப்பது குறையும். சில்லுகள் மக்கி மண்ணுக்கே உரமாகும். ஆனால், அடிமரத்தைத் தொடும்படி குவித்துவிட்டால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். எனவே, அடிமரத்தைச் சுற்றிச் சிறிது இடைவெளி விட வேண்டும். இந்த ஒரு குறிப்பைச் சொல்லாமல் விட்டால் நல்லெண்ணத்துடன் வந்த குழுவே மரத்திற்குத் தீங்கு செய்துவிடும்.

காலமறிந்து செய்தலும் இன்றியமையாதது. முட்புதரை வெட்டும் பணி, பறவைகள் கூடு கட்டும் வேனிற்காலத்திற்கு முன்பே முடிய வேண்டும். பறவைகள் வாழும் கூட்டை அழிப்பதைப் பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. இளவேனிலில் மலரும் டாஃபடில் செடியின் கிழங்குகளை அதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே ஊன்ற வேண்டும். இக்காலக் கணக்கைப் பூங்காவின் நண்பர்கள் அறிவர். அதற்கேற்பப் பணியைத் திட்டமிட்டு ஓட்டக்குழுவை அழைப்பர். உள்ளூர் அறிவும் வெளியிலிருந்து வரும் வலிமையும் சந்திக்கும் இடம் இதுவே.

ஒரு சிறு கணக்கு இதன் ஆற்றலைப் புலப்படுத்தும். 20 பேர் ஆளுக்கு 40 நிமிடங்கள் உழைத்தால் மொத்தம் 800 நிமிடங்கள் ஆகும். இது 13 மணி நேரத்திற்கும் மேற்பட்ட உழைப்பு. தனியொரு தோட்டக்காரருக்கு இரண்டு நாள் பிடிக்கும் சுமை வேலை, ஒரு மாலைப்பொழுதின் ஒரு பகுதியில் முடிந்துவிடுகிறது.

மீண்டும் வருதலின் வலிமை

பூங்காவைப் பேணுவதில் ஒருநாள் உழைப்பைவிடத் தொடர் உழைப்பே பயன் தரும். இதனை விளக்க இந்திய மண்ணிலிருந்து சென்ற ஒரு செடியே தக்க சான்றாகும்.

தமிழகத்து வீட்டுத் தோட்டங்களில் மலரும் காசித்தும்பையைப் பலரும் அறிவர். முற்றிய காயைத் தொட்டவுடன் அது வெடித்து விதைகளைச் சிதறும். அதன் உறவுச் செடியொன்று இமயமலைப் பகுதியைச் சேர்ந்தது. இமாலயப் பால்சம் எனப்படும் அச்செடி 1839ஆம் ஆண்டு அழகுக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இளஞ்சிவப்பு மலர்களுடன் ஆளுயரத்தையும் கடந்து வளரும் அது, தோட்டத்தைத் தாண்டி ஆற்றங்கரைகளிலும் ஓடையோரப் பூங்காக்களிலும் பரவியது. ஒரு செடி ஏறத்தாழ 800 விதைகளைத் தரும். வெடிக்கும் காய்கள் அவற்றை 7 மீட்டர் தொலைவு வரை வீசும். அடர்ந்து வளர்ந்து, கரையோரத்து உள்நாட்டுச் செடிகளுக்கு வெயில் கிடைக்காதவாறு அது மறைத்துவிடும். குளிர்காலத்தில் அது மடிந்தபின் கரை வெறுமையாகி, மண் அரிக்கப்படும்.

இதனை அழிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. வேர் ஆழமற்றது என்பதால் கையால் பற்றி இழுத்தாலே செடி வந்துவிடும். ஆனால், காய் முற்றுவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். விதை நீரோட்டத்துடன் செல்லும் ஆதலால், மேற்பகுதியில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். மண்ணில் தங்கிய விதைகள் அடுத்த ஆண்டும் முளைக்கும் ஆதலால், அடுத்த ஆண்டும் அதே இடத்திற்கு வர வேண்டும். ஒருமுறை மட்டும் நூறு பேர் வந்து செல்வதைவிட, ஆண்டுதோறும் இருபது பேர் தவறாமல் வருவதே இச்செடியை வெல்லும் வழி.

தொண்டு செய்ய விரும்புவோர் பலர் ஒருநாள் வருவர், மறுநாள் மறந்துவிடுவர். ஓடுவோருக்கோ வாரந்தோறும் ஓட வேண்டும் என்ற தேவை முன்பே இருக்கிறது. அத்தேவையுடன் பணியை இணைத்தபோது, தொண்டுக்குத் தொடர்ச்சி கிடைத்தது. ஓட்டம் பூங்காவுக்குத் தந்த பெருங்கொடை இந்தத் தொடர்ச்சியே.

தெரிந்து தெளிவோம்

மெல்லோட்டத்தின்போது வழியில் கிடக்கும் குப்பைகளைச் சேகரிக்கும் பழக்கம் 2016ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் பரவத் தொடங்கியது. எரிக் அல்ஸ்ட்ராம் என்பவர் இதனைத் தொடங்கி வைத்தார். 'பொறுக்கி எடுத்தல்', 'மெல்லோட்டம்' எனப் பொருள்படும் இரு ஸ்வீடியச் சொற்களின் இணைப்பாக இதற்குப் 'பிளாகிங்' என்று பெயர் அமைந்தது. காந்தியடிகளின் 150ஆவது பிறந்தநாளான 2019 அக்டோபர் 2 அன்று இந்தியாவிலும் இவ்வகை ஓட்டம் நாடளவில் நடத்தப்பட்டது. அதே மாதம் 12ஆம் நாள் மாமல்லபுரம் வந்திருந்த பிரதமர் நரேந்திர மோடி, காலை நடைப்பயிற்சியின்போது கடற்கரையில் கிடந்த குப்பைகளைச் சேகரித்தார்.

உடலுக்கும் உறவுக்கும்

பணி செய்வோர் பெறும் பயனும் சிறிதன்று. வயதுவந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. ஓட்டம் இதயத்திற்கும் நுரையீரலுக்கும் பயிற்சியாகிறது. மண்ணை வெட்டுதல், குனிந்து நிமிர்தல், தள்ளுவண்டியைத் தள்ளுதல் ஆகியவை கை, முதுகு, கால் தசைகளுக்குப் பயிற்சியாகின்றன.

உடல்நலத்திற்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. பெருநகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அண்டை வீட்டாரின் பெயரை அறியாதோர் பலர். ஒரே குவியலிலிருந்து மண் அள்ளும்போது பதவியும் வருவாயும் மறைகின்றன. புதிதாக ஊருக்கு வந்த இளைஞரும், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த முதியவரும் பேசிக்கொள்ள ஒரு பொதுச்செய்தி கிடைக்கிறது. தன் கையால் ஊன்றிய கிழங்கு முளைத்து மலர்ந்திருப்பதைக் காண மறுபடியும் பூங்காவுக்கு வருபவருக்கு, அது வெறும் நடைபாதையாகத் தோன்றுவதில்லை.

பயன்படுத்துவோர் பொறுப்பு

ஓட்டத்திற்கும் பூங்காவுக்கும் உள்ள உறவு எப்போதும் இணக்கமாக இருந்ததில்லை. இலண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று பால் சின்டன்-ஹெவிட் என்பவரின் முயற்சியால் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினர். 'பார்க்ரன்' எனப் பெயர்பெற்ற அவ்வோட்டம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்களால் நடத்தப்படும் அதில் எவரும் கட்டணமின்றிப் பங்கேற்கலாம்.

2016ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் கிஃபர்டு என்னும் ஊரின் உள்ளாட்சி மன்றம், தன் பூங்காவில் வாரந்தோறும் பெருந்திரளாக ஓடுவோர் பராமரிப்புச் செலவில் பங்கேற்க வேண்டும் என்று முடிவு செய்தது. பலர் ஓடுவதால் பாதை தேய்கிறது. அதனைச் சீர்செய்யும் செலவு ஊர்மக்கள் அனைவர்மீதும் விழுகிறது என்பது மன்றத்தின் வாதம். பூங்காவில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் கட்டணம் கேட்பது பொதுப்பூங்கா என்னும் கருத்துக்கே மாறானது என்பது ஓடுவோரின் வாதம். இலவசம் என்னும் கொள்கையைக் கைவிட விரும்பாத பார்க்ரன் அங்கு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. திறந்த பூங்காவின் வாயிலில் கட்டணம் வைத்தால் ஏழையின் கால்களே முதலில் நிற்கும். அதேவேளையில், தேய்ந்த பாதை தானாகச் சீராவதும் இல்லை. பணத்தால் மட்டுமே இக்கடனைத் தீர்க்க முடியும் என்பதில்லை. உழைப்பாலும் தீர்க்கலாம் என்று ஓட்டத்தையும் பராமரிப்பையும் இணைத்தோர் காட்டியுள்ளனர்.

எல்லை உணர்தல்

இப்பழக்கத்தின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 20 பேரின் 40 நிமிட உழைப்பு பெரிய குவியலை நகர்த்தும். ஆனால் நோயுற்ற மரத்தை இனங்காணவோ, முறிந்து விழக்கூடிய கிளையைப் பாதுகாப்பாக வெட்டவோ, விளையாட்டுக் கருவிகளின் உறுதியைச் சோதிக்கவோ பயிற்சி பெற்ற பணியாளரே வேண்டும். தன்னார்வலரைக் காட்டித் தோட்டக்காரரின் பணியிடத்தை நீக்கினால், தொண்டு பூங்காவுக்கு உதவியாக அமையாமல் தோட்டக்காரரின் வாழ்வாதாரத்திற்கு இடையூறாகிவிடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. நேரமும் வலிமையும் உடையோர் மிகுதியாக வாழும் பகுதியில் தன்னார்வலர் எளிதில் கிடைப்பர். இரண்டு வேலை செய்து பிழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் மாலைநேர ஓட்டத்திற்கு ஓய்வு ஏது? பூங்காவைத் தன்னார்வலரிடமே விட்டுவிட்டால், வளமான பகுதியின் பூங்கா செழிக்கும். எளியோர் பகுதியின் பூங்கா வாடும். 1840ஆம் ஆண்டு 30,000 பேர் கையொப்பமிட்டுக் கேட்டதோ எளியோருக்கான பூங்கா. ஆகவே பூங்காவுக்கு நிதி ஒதுக்குவதும் பணியாளரை அமர்த்துவதும் அரசின் கடமையாகவே நிற்க வேண்டும். தன்னார்வலரின் உழைப்பு அக்கடமைக்குத் துணை நிற்கலாம். அதற்கு மாற்றாக முடியாது.

பூங்காவின் பாதையில் ஓடி மறைபவர் அதனைக் கண்களால் மட்டுமே அறிவர். சில நிமிடங்கள் நின்று அதன் மண்ணைத் தொட்டவர், எந்த மரம் வாடுகிறது, எந்தப் பணியாளர் ஓய்வுபெற்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை என்பனவற்றையும் அறிவர். பூங்காவுக்குரிய நிதி குறையும்போது முதலில் குரல்கொடுப்பவரும் அவராகவே இருப்பார். மரங்களைக் காக்கும் மூடாக்கைப் போலவே, பொதுச்சொத்தைக் காக்கும் அக்குரலும் ஓடும் கால்கள் சற்று நின்ற இடத்திலிருந்தே பிறக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பூங்கா அல்லது விளையாட்டுத் திடலைப் பார்வையிட்டு, அங்குத் தன்னார்வலர் செய்யத்தக்க பணிகளையும் பயிற்சி பெற்ற பணியாளர் மட்டுமே செய்யத்தக்க பணிகளையும் தனித்தனியே பட்டியலிடுக.

2. 'பொதுப்பூங்காவில் ஓடுவோரிடம் கட்டணம் பெறலாமா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.